போய்த் திரும்பி வர

பிப்ரவரி 6

காலையில் இலங்கையிலிருந்து, மன்னாரிலிருந்து சின்னம்மா அழைத்தார். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டதாம். படுக்கையில் கிடக்கிறாராம். "உன்ர பேரைத்தான் சொல்லிக்கொண்டு கிடக்கிறா" என்றார் சின்னம்மா. பொய்யாகத்தான் இருக்கும். அம்மா அப்படியெல்லாம் சொல்லிக்கொண்டு கிடப்பவர் இல்லை. பத்துப் பதினோரு வருடங்களுக்கு முன்னால் இந்த அகதி முகாமில் என்னை விட்டுவிட்டு, அப்பாவின் காணியை மீட்கப் போகிறேன் என்று கிளம்பியவர். காணியில் ஒரு சுவர் எழுப்பினார். அந்தச் சுவரைப் பற்றித்தான் ஒவ்வொரு தடவையும் போனில் பேசுவார்.

மத்தியானம் வெங்காயம் வெட்டினேன். குழம்புக்கு வேண்டியதைவிட மூன்று மடங்கு வெட்டியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது.

கிருபா வேலையிலிருந்து பெயிண்ட் அப்பிய கையோடு வந்தார். "போய்ட்டு வாருமன்" என்றார். என் கணவருக்கு எல்லாமே சுலபம். போகலாம். அதற்கு வழி இருக்கிறது. முகாமில் பெயரை வெட்டி, வெளியேறும் அனுமதி வாங்கி, ஒருவழித் தாளோடு போகலாம். போனால் போனதுதான். திரும்பி வர வழி கிடையாது. அவரும் மகள் ஆரணியும் இங்கே, நான் அங்கே. அம்மா செய்ததையே நானும் செய்ததாக ஆகும்.

எனக்கு வேண்டியது போய்த் திரும்பி வருவது. அவ்வளவுதான்.

(இது கடையில் யாரோ விட்டுப்போன 2019 டைரி. கிழமை ஒன்றும் பொருந்தாது. தேதியை மட்டும் பார்க்கவும் என்று யாருக்குச் சொல்கிறேன், தெரியவில்லை.)

பிப்ரவரி 9

நான் வேலை செய்வது ஜெராக்ஸ் கடையில். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். ஊரில் பாதிப் பேருக்கு முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் தட்டிக் கொடுத்தவள் நான்தான். துபாய் போகிற பையன்கள் ஸ்வீட் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். 'இந்தியக் குடியுரிமை எவ்வழியில்' என்ற இடம் வரும்போது அவர்களிடம் கேட்கக்கூட மாட்டேன். 'பிறப்பால்' என்று தட்டிவிட்டு அடுத்த பக்கம் போவேன்.

இன்று வக்கீல் ரெஜினா மேடம் ஒரு கட்டு பிரதி எடுக்க வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, எனக்கும் ஒரு பாஸ்போர்ட் கிடைக்குமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"நீங்க எங்க பிறந்தீங்க?" என்றார்.

"மண்டபம் முகாம்ல மேடம். அப்பா அம்மா எண்பத்தஞ்சுல போட்ல வந்தாங்க."

"அட, இந்தியாவுலதானே. எந்த வருஷம்?"

"எண்பத்தேழு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எண்பத்தேழு ஜூலை ஒன்றாம் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் எந்த நாட்டவரானாலும் பிள்ளை இந்தியக் குடிமகள்தானாம். சட்டமே அப்படியாம். "எந்த மாசம்?" என்றார்.

முகாம் பதிவேட்டில், பள்ளிச் சான்றிதழில், ஆதாரில், எல்லாவற்றிலும் 21-7-1987.

மேடத்தின் முகம் மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. பிரதிகளை எடுத்துக்கொண்டு போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டாமல் போயிருக்கலாம்.

பிப்ரவரி 10

ஜூலை மாதத்தை யார் கண்டுபிடித்தது.

பிப்ரவரி 28

சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு நானே விண்ணப்பம் தட்டினேன். கிருபாவிடம் சொல்லவில்லை. 'பிறப்பால்' என்ற இடத்தில் விரல் நின்றது. அழுத்திவிட்டேன்.

மார்ச் 14

பாஸ்போர்ட் சேவை மையம். குளிரூட்டிய அறை, டோக்கன், எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உடுத்தியிருந்தார்கள். நானும் ஆரணியின் சடங்குக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தேன். மூன்றாவது கவுன்டர் வரை வந்துவிட்டேன்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். திட்டினால் திரும்பத் திட்டலாம். அவர் தாள்களைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றி, "இந்தியாவுல பிறந்தது சரிம்மா. தேதிதான் இடிக்குது. ஜூலை ஒண்ணுக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். இருக்காங்களா?" என்றார்.

"இல்ல சார்."

"இருபது நாள்லதானம்மா போச்சு" என்று அவரே வருத்தப்பட்டார்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் நின்றேன். நடத்துனர் "உள்ள வாம்மா, உள்ள வாம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

மார்ச் 15

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். அம்மா போனில், "சாப்பிட்டியே பிள்ளை?" என்றார். வழக்கமான கேள்வி. அதற்கு நான் கத்தினேன். "இருபது நாள் முந்தி என்னைப் பெத்திருக்கக்கூடாதே அம்மா? ஏன் ஒரு அவசரமும் இல்லாமல் வயித்துக்குள்ள வச்சிருந்தனீங்கள்?"

அம்மா போனை வைத்துவிட்டார்.

இடுப்பு உடைந்து கிடக்கிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது.

மார்ச் 17

அம்மா போனை எடுக்கவில்லை.

மார்ச் 19

சின்னம்மா எடுத்தார். "கொம்மா நித்திரை" என்றார். பின்னால் அம்மா இருமுவது கேட்டது.

கிருபா இப்போது காலையில் ஆரணிக்குத் தலை பின்னிவிடப் பழகிக்கொண்டிருக்கிறார். கேட்டால், "சும்மா, பழகி வச்சா நல்லதுதானே" என்கிறார். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் பின்னுகிறார். "அப்பா, என் மண்டை சாஞ்சு போகுது" என்று ஆரணி கத்துகிறாள். காலை நேரத்தில் அடுப்படியில் மூன்று பேரும் இடித்துக்கொள்கிறோம். எனக்கு எரிச்சலாக வருகிறது.

மார்ச் 24

இன்று அம்மாவே அழைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடவில்லை.

"பிள்ளை, உன்னட்ட ஒண்டு கேக்கிறன். இந்தப் போனை பொலிசு கேக்குமே?"

"இல்லையம்மா."

"உண்மையாத்தான்?"

"சொல்லுங்கோ அம்மா."

"நீ ஆடியில பிறக்கேல்லை. ஆனியில பிறந்தனி."

நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெயில். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறந்துபோகக் கூடாது. நான் பிறந்தது ஜூன் இருபத்தொன்று. பிள்ளை குறுக்கே கிடந்ததால் முகாமிலிருந்து ஜீப்பில் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் துடக்கு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் தீட்டு. எங்கள் ஆட்கள் அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். படகில் வந்து, தகரக் கொட்டிலில் பத்துப் பதினைந்து குடும்பத்தோடு நெருக்கியடித்துக் கிடந்தபோதும் துடக்கை மட்டும் ஒழுங்காகக் காத்திருக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் பிள்ளைக்கு மொட்டையடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அன்றைக்குத்தான் பெயர் வைப்பது. அதுவரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத பிள்ளையைப் பதிவில் என்னவென்று எழுதுவது என்று அப்பா காத்திருந்திருக்கிறார்.

"முகாமில புதுசா ஆள் வந்தா ஒரு கிழமைக்குள்ள சொல்லோணும் எண்டு சட்டம். கொப்பா போனது மொட்டை அடிச்ச அண்டைக்கு. பிள்ளை எப்ப பிறந்தது எண்டு கேட்டிருக்கினம். பிந்தி வந்ததுக்கு ஏசுவினம் எண்ட பயத்தில மனுசன் 'இண்டைக்குத்தான்' எண்டு சொல்லிப்போட்டுது."

"ஏனம்மா எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"என்னண்டு சொல்லுறது? கவர்மெண்டுக்குப் பொய் சொன்னதெல்லே. பிடிச்சா உன்னையும் சேத்தெல்லே பிடிப்பாங்கள். செத்துப்போற வரைக்கும் வாய் திறக்கக்கூடாது எண்டு கொப்பா சத்தியம் வாங்கினவர்."

வருடா வருடம் என் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வார். நட்சத்திரக் கணக்கு எதுவோ என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேலியும் செய்திருக்கிறேன்.

அப்பா மேல் ஆத்திரம் வந்தது. செத்துப்போன மனிதர் மேல் எத்தனை நேரம் ஆத்திரப்படுவது? அவருக்கு அப்போது வயது இருபத்திநாலு. என் கடைக்கு வருகிற பையன்கள் வயது.

ஏப்ரல் 4

ஆஸ்பத்திரிப் பிறப்பு நகராட்சியில் பதிவாகியிருக்கும் என்று ரெஜினா மேடம் சொன்னபடி ராமநாதபுரம். முகாமிலிருந்து வெளியூர் போக வருவாய் ஆய்வாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆர்.ஐ. என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "எதுக்கு?" என்றார். "நான் பிறந்தேனான்னு பாக்கப் போறேன் சார்" என்றேன். சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவு. அங்கிருந்த அம்மாவுக்குத் தூசி ஒவ்வாமை, துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு பழைய பதிவேடுகளை எடுத்து வந்தார். ஜூன் மாதம் முழுக்க ஆண் குழந்தை, பெண் குழந்தை, ஆண் குழந்தை. நான் எதிரே நின்று தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "கொஞ்சம் ஆடாம நில்லும்மா, மேசை ஆடுது" என்றார்.

இருந்தது. பெண் குழந்தை. 21-6-1987. தாய் யோகேஸ்வரி. தகப்பன் நடராசா. விலாசம், இலங்கை அகதிகள் முகாம், மண்டபம். குழந்தை பெயர் என்ற இடம் காலி.

"அந்தக் காலத்துல யாரு வந்து பேர் சேர்த்தாங்க. இப்பச் சேர்த்துக்கலாம்" என்றார் அவர். "என்ன பேரும்மா?"

"சுகிர்தா" என்றேன்.

பேருந்து நிலையத்தில் டீயும் உளுந்து வடையும் சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கி அதையும் தின்றுகொண்டே அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர் வடை காரமா என்று கேட்டார்.

ஏப்ரல் 5

ஆரணி: "அம்மா, நீ ஒரு மாசம் கிழவியாயிட்ட."

மே 30

பிறப்புச் சான்றிதழ் ஒரு தேதி, மீதி எல்லாம் வேறு தேதி. அதனால் நீதிமன்றம் போகாமல் முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். அம்மாவின் வாக்குமூலத்தை அங்கே ஒரு நொத்தாரிசு, அதாவது நோட்டரி வக்கீல், முன்னால் எழுதி வாங்க வேண்டும். சத்தியத்தை மீற அம்மா மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள் சின்னம்மா நொத்தாரிசைக் கட்டிலுக்கே கூட்டி வந்துவிட்டார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனி என்னைப் பிடிச்சா பிடிக்கட்டும். எழும்பி ஓட ஏலாது" என்றாராம்.

ஜூன் 21

இன்று என் பிறந்தநாள். யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போனேன்.

ஆகஸ்ட் 17

பிறப்புச் சான்றிதழை ஏற்று என் பாஸ்போர்ட் மனுவைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது. மேடம் போனில் கத்தியே சொன்னார். கடையில் ஒருவருடைய குடும்ப அட்டையை ஐந்து பிரதி கேட்டதற்கு ஐம்பது எடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "கெதியா வா" என்று அவசரப்படுத்தினார். பிறகு, "சுவரின்ட மேற்குப் பக்கம் வெடிச்சுப்போச்சு, வந்து பார்" என்றார். சுவரைப் பார்க்கத்தான் நான் போகிறேன். வேறு என்ன.

அக்டோபர் 10

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை. இளம் வயசுக்காரர், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "நீங்க சிலோன்காரங்கதானே?"

"இல்ல சார்" என்றேன். "நான் இந்தியா."

சொன்னதும் எனக்கே கூச்சமாக இருந்தது. கிருபா உள்ளே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். குவளை பானையில் இடிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. அந்த இரண்டு சொல்லை வெளியே கடைத்தெருவில் வைத்துச் சொல்லியிருந்தால் பெருமையாக இருந்திருக்கும். அவர் பக்கத்தில் இருக்கும்போது சொன்னது, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு நான் மட்டும் எழுந்து கை கழுவப் போன மாதிரி இருந்தது. அவர் வந்தது தொண்ணூறில், எட்டு வயதில். எந்தத் தேதியைத் திருத்தினாலும் அவர் பிறந்தது அங்கேதான்.

அதிகாரி போன பிறகு கிருபா, "கெட்டிக்காரி. டக்கெண்டு சொன்னீர்" என்றார். நான் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

நவம்பர் 3

வந்துவிட்டது. தபால்காரர் பாஸ்போர்ட்டோடு முகாம் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பெருங்கூட்டமே என் பின்னால் வந்தது. எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு வசந்தி அக்கா அட்டையை முகர்ந்துகூடப் பார்த்தாள். "புதுப் புத்தக வாசம்தான்" என்றாள்.

கிருபா கடைசியாக வாங்கினார். என் படத்தைப் பார்த்து, "கள்ளி மாதிரி முழிக்கிறீர்" என்றார். பிறகு கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு வெற்றுத்தாளையும் புரட்டினார். எதற்கு அத்தனை நேரம் வெற்றுத்தாளைப் பார்த்தார் என்று தெரியவில்லை. பின்னேரம் எங்கிருந்தோ ஒரு பெட்டி இரவல் வாங்கி வந்தார். பெரிய பெட்டி. நான் போவதே இரண்டு வாரத்துக்கு. "ரெண்டு கிழமைக்கு இவ்வளவு பெரிசா?" என்றேன். "இதுதான் கிடைச்சது" என்றார்.

நவம்பர் 14

விசா ஆன்லைனில் நானே போட்டேன். அம்மா வீட்டுக்குப் போக விசா. வருகையின் நோக்கம் என்று கேட்டிருந்தது. சுற்றுலா என்று போட்டேன்.

அம்மாவுக்கு இரண்டு நைட்டி, முதுகுப்புண்ணுக்குத் தடவும் பவுடர், வாக்கர். வாக்கர் எதற்கு, அவர்தான் எழும்புவதில்லையே என்று சின்னம்மா சொல்கிறார். எழும்புவார். நான் போனால் எழும்புவார். இதை எழுதும்போது கண்ணீர் வருகிறது, வரட்டும். அம்மாவைப் பார்க்க வேண்டும். சுவரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 22

ஆர்.ஐ. அழைத்து அனுப்பினார். வாழ்த்துச் சொல்வார் என்று கடையிலிருந்து லட்டு வாங்கிப் போனேன். வாழ்த்தினார், லட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு முகாம் பதிவேட்டில் என் பெயரை வெட்டிவிட்டதாகச் சொன்னார். எதிர்பார்த்ததுதான். ரேஷன், உதவித்தொகை எல்லாம் அகதிகளுக்கு, நான் இப்போது அகதி இல்லை. சரி என்று எழுந்தேன்.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்றார். "முகாமுக்குள்ள வெளியாள் ராத்தங்கக் கூடாது. தெரியும்ல? சொந்தக்காரங்க வந்தாக்கூட அனுமதி வாங்கிட்டுத்தான் தங்கணும்."

"தெரியும் சார். யாரு வந்தாங்க?"

அவர் என்னையே பார்த்தார். எனக்கு உறைக்க நேரமாயிற்று.

"சார், அது என் வீடு."

"வீடு உங்க வீட்டுக்காரர் பேருக்கு ஒதுக்கினது. அவர் முகாம்வாசி. நீங்க..." என்று நிறுத்தினார். "நான் கண்டுக்காம விட்டுருவேன். நாளைக்கு ஒருத்தன் மொட்டைப் பெட்டிஷன் போட்டா என் வேலை போயிரும். நீங்க ஊருக்குப் போயிட்டு வர்றப்ப எல்லாம் முறையா இருக்கட்டும். கிருபாகரனை ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. நான் ஏற்பாடு பண்றேன்."

லட்டுப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 23

இரண்டு பேரும் சண்டை போட்டோம். சட்டத்தோடு போட வேண்டிய சண்டை. அது கையில் கிடைக்காததால் ஒருவரோடொருவர் போட்டோம். பெட்டியை வேண்டுமென்றே பெரிதாக வாங்கி வந்தீர்கள் என்றேன். அவர், "ஓம், பெரிசாத்தான் வாங்கினனான். கொம்மா போகேக்க சின்னப் பையோடதான் போனவ, ரெண்டு கிழமையில வாறன் எண்டு சொல்லிப்போட்டு" என்றார்.

ஆரணி இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்து, "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க" என்றாள்.

நவம்பர் 25

நாளை மதுரையிலிருந்து விமானம். பெட்டி பாதிதான் நிரம்பியிருக்கிறது.

கிருபா மனு எழுத உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவள் நான், ஆனால் இதை நான் எழுத முடியாது, முகாம்வாசிதான் எழுத வேண்டும். அவர் வாசித்துக்கொண்டே எழுதினார். ஐயா, மேற்படி முகாமில் வசிக்கும் நான், இந்தியக் குடிமகளான சுகிர்தா என்பவர் என்னுடன் தங்க அனுமதி வேண்டுகிறேன்.

"உறவு எண்டு கேட்டிருக்கு" என்றார்.

"மனிசி எண்டு எழுதுங்கோ."

"மனைவி எண்டு எழுதுறன். கவர்மெண்டுக்குப் போறது." எழுதினார். "எவ்வளவு காலம்?"

"சாகும் வரைக்கும் எண்டு எழுதுங்கோ."

சிரித்தார். ஆர்.ஐ. ஏற்கெனவே சொல்லியிருக்கிறாராம், ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்களாம், மாதா மாதம் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு மாதம் என்று எழுதினார். கீழே, மேற்படி நபரின் நடத்தைக்கும் திரும்பி வருவதற்கும் நானே பொறுப்பு என்று ஒரு வரி. அதன் கீழ் அவர் கையெழுத்து, அகதி அடையாள எண்.

அதைக் கையில் வாங்கிப் படித்தேன். இந்தியாவில் தங்குவதற்கு இந்தியக்காரியான எனக்கு ஓர் இலங்கை அகதி ஜாமீன் போட்டிருக்கிறார். சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். பெயிண்ட் வாசம், மண்ணெண்ணெய் வாசம். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"வராமல் விட்டுடாதையும் என்ன? என்னைத்தான் பிடிப்பாங்கள்."